எல்எல்டிபியை இயக்கினேன், ஒரே போர்ட்டில் இரண்டு தொலைபேசிகள் தெரிகின்றன

நீலக்கேபிள்

வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு வலையமைப்பின் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மொத்தம் 38 சுவிட்ச்கள். முன்பு இருந்தவர் விட்டுச்சென்ற வரைபடம் நான்கு ஆண்டுப் பழையது. அதில் உள்ள பெயர்களில் பாதி இப்போது எந்த ரேக்கிலும் இல்லை. சாதனங்கள் இரண்டு நிறுவனங்களின் தயாரிப்புகள். ஒரு பாதி தன் சொந்த நெறிமுறையில் மட்டுமே அண்டையை அறிவிக்கிறது, மறு பாதிக்கு அது புரிவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக எல்எல்டிபி (சாதனம் தன்னைப் பற்றி அண்டைச் சாதனத்துக்கு அறிவிக்கும் பொது நெறிமுறை) இருக்கிறதே என்று மூன்று சுவிட்ச்களில் சோதனைக்கு இயக்கிப் பார்த்தேன். 'எல்எல்டிபி ரன்' என்ற ஒற்றை வரிதான் கொடுத்தேன்.

அரை நிமிடத்தில் பட்டியல் நிரம்பியது. மகிழ்ச்சியும் அதே அரை நிமிடம்தான்.

மேல் இணைப்பில் அண்டைச் சுவிட்சின் பெயர் சரியாக வருகிறது, ஆனால் அதன் போர்ட் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 531 என்ற வெறும் எண். அந்தச் சுவிட்சில் இருப்பதே 48 போர்ட்டுகள். ஒரு சர்வரில் எல்எல்டிபி நிரல் ஓடுகிறது, ஆனாலும் அதன் அண்டைப் பட்டியல் காலி. சுவிட்ச் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் போர்ட்டில் பெயரில்லாத ஒரு மேக் முகவரி (வலை அட்டையின் வன்பொருள் எண்) மட்டும் நிற்கிறது. 17ஆம் போர்ட்டில் இரண்டு ஐபி தொலைபேசிகள். ஒரு கேபிளின் முனையில் இரண்டு தொலைபேசிகள் எப்படி இருக்க முடியும்?

இதற்கிடையே, பயனர் போர்ட்டுகள் எல்லாவற்றிலும் இதை அணைத்துவிடும்படி பாதுகாப்புப் பிரிவு சொல்கிறது. இன்னும் 35 சுவிட்ச்கள் மீதி. தொடரலாமா, நிறுத்தலாமா?

பழைய கன்சோல்

தொடருங்கள். ஆனால் பட்டியலை எப்படிப் படிப்பது என்று முதலில் பேசிவிடலாம்.

எல்எல்டிபியில் ஒவ்வொரு சாதனமும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறது. கேட்பவர் பதில் சொல்வதில்லை, சொன்னது மெய்யா என்று யாரும் சரிபார்ப்பதும் இல்லை. வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு பிரேம் (கேபிளில் போகும் ஒரு செய்தி) போகும். அதற்குள் டிஎல்வி எனப்படும் துண்டுகள் அடுத்தடுத்து இருக்கும்: என்ன வகை, எத்தனை பைட், உள்ளே என்ன என்ற மூன்றும் சேர்ந்தது ஒரு துண்டு. சேசிஸ் (சாதனத்தின்) அடையாளம், போர்ட் அடையாளம், ஆயுள் (கேட்டவர் அதை எத்தனை விநாடி நினைவில் வைக்க வேண்டும் என்பது) ஆகிய மூன்றும் கட்டாயம். பெயர், விவரணை, மேலாண்மை முகவரி எல்லாம் அனுப்புபவரின் விருப்பம்.

உங்கள் 531 அந்தப் போர்ட் அடையாளத்தில்தான் வருகிறது. அதில் இடைமுகத்தின் பெயரையும் வைக்கலாம், மேக் முகவரியையும் வைக்கலாம், சாதனம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஏதோ ஓர் எண்ணையும் வைக்கலாம். எல்லாமே தரநிலைக்கு உட்பட்டவைதான். 531 என்பது பெரும்பாலும் எஸ்என்எம்பி (சாதனங்களைக் கண்காணிக்கும் நெறிமுறை) தரும் இடைமுக வரிசையெண். எதிர்ச் சுவிட்சில் ஓடுவது ஜூனிப்பரின் இயங்குதளமான ஜூனோஸ் என்றால், அங்கே 'செட் புரோட்டோகால்ஸ் எல்எல்டிபி போர்ட்-ஐடி-சப்டைப் இன்டர்ஃபேஸ்-நேம்' என்று கொடுத்தால் பெயராக மாறும். அதுவரை விரிவான பட்டியலைத் திறந்து போர்ட் விவரணை என்ற வரியைப் பாருங்கள். பெயர் பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும்.

இன்னொன்று: சிஸ்கோவின் ஐஓஎஸ் ஓடும் சாதனங்களின் சுருக்கப் பட்டியல் அண்டையின் பெயரை 20 எழுத்தோடு வெட்டிவிடும். எல்லாச் சுவிட்ச்களுக்கும் ஒரே நீண்ட முன்னொட்டில் பெயர் வைத்திருந்தால் பட்டியல் முழுவதும் ஒரே பெயராகத் தெரியும். நான் ஒருமுறை ஒரு மதியம் முழுவதையும் அதில் தொலைத்தேன்.

மூன்றாம் அடுக்கு

உங்கள் பாதுகாப்புப் பிரிவு சொல்வது சரி. விரிவான பட்டியலில் கணினி விவரணை (சுவிட்ச் தன்னைப் பற்றிச் சொல்வது) என்ற வரியைப் படித்துப் பாருங்கள். மாதிரி, மென்பொருள் பதிப்பு, சிலவற்றில் அது தொகுக்கப்பட்ட நாள் வரை இருக்கும். கூடவே மேலாண்மை ஐபி. காத்திருப்பு அறையில் ஒருவர் மடிக்கணினியைச் சுவரில் செருகிவிட்டு அரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், இத்தனையும் தட்டில் வைத்துக் கொடுக்கப்படும். அவர் ஒரு பாக்கெட்கூட அனுப்ப வேண்டியதில்லை, எந்தப் பதிவேட்டிலும் அவருடைய தடம் இருக்காது.

பயனர் போர்ட்டில் அனுப்புவதையும் பெறுவதையும் சேர்த்தே மூடுங்கள். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையே மட்டும் ஓடட்டும்.

இரவுப்பணி

இந்த அறிவுரையை அப்படியே நிறைவேற்றியவன் நான். கேளுங்கள்.

ஓர் இரவில் 600 சொச்சம் பயனர் போர்ட்டுகளில் எல்எல்டிபியை அணைத்தேன். காலையில் ஒரு புகாரும் இல்லை. மறுநாளும் இல்லை. நிம்மதியாக வேலையை முடித்துக் கணக்கை மூடினேன். நான்காம் நாள் தொலைபேசிகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வந்து அவை மறுதொடக்கம் ஆயின. எழுந்தவை எல்லாம் கணினிகளுக்கான விலேனில் (வலையமைப்புக்குள் பிரித்த தனிப் பகுதியில்) போய் விழுந்தன. குரலுக்கான விலேன் எண்ணை அவை எல்எல்டிபி-மெட் என்ற தொலைபேசிகளுக்கான நீட்டிப்பு வழியாகத்தான் கற்றுக்கொண்டிருக்கின்றன, எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மாற்றம் செய்தது திங்கள், உடைந்தது வெள்ளி. இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை; தொலைபேசி மென்பொருளைத்தான் ஒன்பது மணி நேரம் சந்தேகப்பட்டோம்.

அத்தோடு முடியவில்லை. கூரையில் இருந்த அக்சஸ் பாயிண்டுகளுக்கு (வைஃபை தரும் பெட்டிகளுக்கு) வலைக் கேபிள் வழியாகவே 25.5 வாட் வரை தேவை. அதைக் கேட்டு வாங்கும் பேச்சும் எல்எல்டிபியில்தான் நடக்கிறது. பத்தில் ஒரு வாட் அளவுக்குத் துல்லியமாகக் கேட்கும். சில சுவிட்ச்கள் மின்சாரம் கொடுக்கத் தொடங்கும்போதே வன்பொருள் வழியாகத் தேவையை அறிந்துகொள்ளும், எங்களுடையவை அந்த ரகம் அல்ல. பேச்சு நின்றதும் அக்சஸ் பாயிண்டுகள் சுமார் 13 வாட்டுக்குள் சுருங்கிக்கொண்டன, ரேடியோக்களில் பாதியை அணைத்துக்கொண்டன. சிக்னல் இருக்கிறது, வேகம் மட்டும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

மூன்றாம் அடுக்கு

தொலைபேசி இருக்கும் போர்ட்டை மூடச் சொல்லவில்லையே.

இரவுப்பணி

எந்தப் போர்ட்டில் தொலைபேசி இருக்கிறது என்பது எல்எல்டிபியை அணைத்த பிறகு எப்படித் தெரியும், ஐயா?

மூன்றாம் அடுக்கு

சரி, அந்த அடி எனக்குத்தான். என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

போர்ட்டுகளை எதிர்முனையில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். சொந்தச் சுவிட்ச்களுக்கு இடையே எல்லாத் துண்டுகளும் போகட்டும். இணையச் சேவை தருபவர் பக்கம் அனுப்புவதை மட்டும் 'நோ எல்எல்டிபி டிரான்ஸ்மிட்' என்று நிறுத்தலாம். அவர்கள் எதையாவது அனுப்பினால் கேட்டுக்கொள்வதில் நமக்கு நட்டம் குறைவு. பொது இடத்துச் சுவர் இணைப்புகளில் இரண்டையும் மூடுங்கள், அங்கே தொலைபேசி வைக்க மாட்டோம் என்று எழுதியும் வையுங்கள். மேசைப் போர்ட்டுகளில் அனுப்ப வேண்டியிருக்கிறது, ஆனால் கணினி விவரணையும் மேலாண்மை முகவரியும் தேவையில்லை. தொலைபேசிக்கு விலேன் எண்ணும் மின்சாரப் பேச்சும் போதும். துண்டுகளைப் போர்ட்வாரியாக நீக்கும் வசதி சில சுவிட்ச்களில் இருக்கிறது. சிலவற்றில் மொத்தமாகத்தான் நீக்க முடியும். மொத்தமாக நீக்கினால் கண்காணிப்பு மென்பொருளும் அந்த விவரங்களை இழக்கும். அங்கே எது முக்கியம் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

பெறுவது முழுக்கப் பாதிப்பில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். 2020 பிப்ரவரியில் ஆர்மிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிஸ்கோவின் அண்டை நெறிமுறையான சிடிபியை அலசும் நிரலில் ஐந்து ஓட்டைகளை வெளியிட்டார்கள். அண்டை அறிவிப்பு போல வேடமிட்ட ஒரு பாக்கெட்டே ஆயுதம். அது வேறு நெறிமுறை, ஆனால் வேலை அதே வேலை: முன்பின் தெரியாதவர் தரும் பைட்டுகளைத் திறந்து படிப்பது.

பாக்கெட் வேடன்

சர்வர் விஷயம் என் பேட்டை. சில வலை அட்டைகளின் உள்ளேயே ஒரு சிறிய எல்எல்டிபி முகவர் இருக்கிறது. சுவிட்ச் அனுப்பும் பிரேமை அதுவே விழுங்கிவிடும், இயங்குதளம் வரை ஒன்றும் வராது. அதுவே வெளியே பேசவும் செய்யும், ஆனால் சர்வரின் பெயர் அதற்குத் தெரியாது, ஆகவே மேக் முகவரியை மட்டும் சொல்லும். நீங்கள் பார்த்த பெயரில்லா அண்டை அதுதான். லினக்ஸில் 'ஈத்டூல்' கட்டளையால் அட்டையின் தனிக் கொடிகளை (இயக்கவோ அணைக்கவோ கூடிய அமைவுகளை) பட்டியலிடுங்கள். 'டிசேபிள்-எஃப்டபிள்யூ-எல்எல்டிபி' என்று ஒன்று இருந்தால் அதை 'ஆன்' ஆக்குங்கள். பெயரைக் கவனியுங்கள்: அணைக்கும் கொடியை இயக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று எழுதியவர்கள் பலர், நான் உட்பட. அந்த அட்டை வழியாகச் சேமிப்பகப் போக்குவரத்து போகிறதென்றால் மட்டும் பொறுங்கள். அந்தப் போக்குவரத்துக்கான டேட்டா சென்டர் பிரிட்ஜிங் (டிசிபி) அமைவும் அதே முகவரின் கையில் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் பிரேம்களைப் பிடித்துக் காட்டும் 'டிசிபிடம்ப்' போட்டு ஈதர்வகை 88-சிசி (எல்எல்டிபியின் அடையாள எண்) என்று வடிகட்டி ஒரு நிமிடம் காத்திருங்கள். ஒரு பிரேமும் விழவில்லை என்றால் இயங்குதளத்துக்கு முன்பே யாரோ எடுத்துக்கொள்கிறார்கள்.

17ஆம் போர்ட்டுக்கு வருகிறேன். இன்னும் மூன்று விவரம் வேண்டும். அந்தப் போர்ட் இப்போது எத்தனை வாட் கொடுக்கிறது? அதன் வேகம் என்ன? மேக் அட்டவணையில் அதன் பின்னால் எத்தனை முகவரிகள்? முடிந்தால் அந்தச் சுவிட்சின் அண்டைப் பட்டியலை ஒரு வரியும் விடாமல் பாருங்கள்.

ஆய்வகத் தேனீ

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் படித்துக்கொண்டிருப்பவள். லினக்ஸில் இரண்டு மெய்நிகர் சுவிட்ச்களை ஒரு பிரிட்ஜ் (மென்பொருளில் ஓடும் சுவிட்ச்) வழியாக இணைத்திருக்கிறேன். பிங் போகிறது, ஓஎஸ்பிஎஃப் (வழித்தடங்களைப் பரிமாறும் நெறிமுறை) அண்டைகூட எழுந்துவிட்டது. எல்எல்டிபி மட்டும் வருவதே இல்லை.

பழைய கன்சோல்

உங்கள் பிரிட்ஜ் ஒழுங்கானது, அதுதான் காரணம். எல்எல்டிபி வழக்கமாகப் போய்ச்சேரும் முகவரி 01-80-சி2-00-00-0ஈ. அந்த வரிசையில் கடைசி இலக்கம் 0 முதல் எஃப் வரை உள்ள 16 முகவரிகளைத் தரநிலைப்படி நடக்கும் பிரிட்ஜ் தாண்டிச்செல்ல விடக் கூடாது. அண்டை என்றால் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு அல்ல. இந்த விதி இல்லையென்றால் எல்லோரும் எல்லோருக்கும் அண்டை ஆகிவிடுவார்கள்.

ஆய்வகத்துக்காக விதியை மீற வேண்டுமானால் பிரிட்ஜின் 'குரூப்_எஃப்டபிள்யூடி_மாஸ்க்' கோப்பில் 16384 என்று எழுதுங்கள். பதினாறடிமான எண்ணில் ஈ என்றால் 14, இரண்டின் 14ஆம் அடுக்கு 16384.

ஆய்வகத் தேனீ

வந்துவிட்டது! நன்றி ஐயா. அடுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுத்ததற்கு இன்னொரு நன்றி.

நீலக்கேபிள்

எல்லோருக்கும் நன்றி. 531 தீர்ந்தது, சொன்ன கட்டளையே போதுமானதாக இருந்தது. சர்வரும் தீர்ந்தது. கொடியை நானும் முதலில் தலைகீழாகத்தான் வைத்தேன்.

17ஆம் போர்ட்: மின்சாரம் 0 வாட். வேகம் 100 மெகாபிட், மற்ற போர்ட்டுகள் எல்லாம் 1 கிகாபிட். மேக் முகவரிகள் ஐந்து.

முழுப் பட்டியலையும் பார்த்தேன். முதலில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. 17இல் உண்மையில் மூன்று வரிகள். இரண்டு தொலைபேசிகள், மூன்றாவது இதே சுவிட்சின் பெயர், போர்ட் 22. மென்பொருள் பிழை என்று நினைத்து அதைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது 22ஆம் போர்ட்டைப் பார்த்தால் அங்கேயும் அதே இரண்டு தொலைபேசிகள், அதோடு இதே சுவிட்ச், போர்ட் 17.

இரவுப்பணி

ஐயோ.

பாக்கெட் வேடன்

பிழை இல்லை, நண்பரே. உங்கள் சுவிட்ச் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறது.

0 வாட் என்றால் தொலைபேசிகள் சுவிட்சிலிருந்து மின்சாரம் எடுக்கவில்லை, தனி அடாப்டரில் ஓடுகின்றன. இடையில் மின்சாரம் கடத்தாத ஏதோ ஒன்று இருக்கிறது. 100 மெகாபிட் என்றால் அது பழையது. அது பெயரே சொல்லவில்லை என்றால் எல்எல்டிபி பேசத் தெரியாதது. எங்கேயோ ஒரு மேலாண்மை இல்லாத குட்டிச் சுவிட்ச் ஒளிந்திருக்கிறது. ஆய்வகத் தேனீயின் பிரிட்ஜ் போல ஒழுங்கானதாக இருந்திருந்தால் அது எல்எல்டிபியைத் தடுத்திருக்கும், உங்களுக்கு 17இல் எதுவுமே தெரிந்திருக்காது. இந்த மலிவுப் பெட்டிகள் பல அந்த விதியை மதிப்பதில்லை, வந்ததை எல்லாம் எல்லாப் பக்கமும் தள்ளிவிடும். அதன் ஒழுங்கீனம் இன்று உங்களுக்கு உதவியிருக்கிறது.

அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு கேபிள்கள் சுவருக்குள் போகின்றன, ஒன்று 17க்கு, ஒன்று 22க்கு. அது ஒரு வளையம், பிரேம்கள் அதில் முடிவில்லாமல் சுற்றும். வலையமைப்பு இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் வளையத்தைக் கண்டு ஒரு போர்ட்டை அடைக்கும் ஸ்பேனிங் ட்ரீ. 17 அனுப்பும் பிபிடியுவை (ஸ்பேனிங் ட்ரீயின் அறிவிப்பை) குட்டிச் சுவிட்ச் 22க்குத் தள்ளிவிட்டிருக்கும். எண்ணில் சிறியது 17 என்பதால் அது திறந்திருக்கும், 22 அடைபட்டிருக்கும். அடைபட்ட போர்ட்டிலும் எல்எல்டிபி போய்வரும், அதனால்தான் பட்டியலில் இரண்டு பக்கமும் தெரிகிறது. ஸ்பேனிங் ட்ரீயில் 22இன் நிலையைப் பாருங்கள்.

நீலக்கேபிள்

அடைபட்டிருக்கிறது. 'பேக்அப்' என்று எழுதியிருக்கிறது. அந்த நிலை கடைசியாக மாறியது 211 நாட்களுக்கு முன்.

பழைய கன்சோல்

211 நாட்களாக ஒரே ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கேபிளைப் பிடுங்கும்போது 22க்குப் போவதை மட்டும் எடுங்கள், 17ஐத் தொடாதீர்கள், அங்கே ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு பயனர் போர்ட்டுகளில், பிபிடியு வந்தால் போர்ட்டை மூடும் 'பிபிடியு கார்டு' என்ற காவலைப் போடுங்கள். அது இருந்திருந்தால் முதல் நாளே அந்தப் போர்ட் மூடிக்கொண்டு யாராவது உங்களை அழைத்திருப்பார்கள்.

சிடிபியையும் எல்எல்டிபியையும் சேர்த்து ஓட்டப் போகிறீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன். சிடிபி சிஸ்கோவின் சொந்தச் சரக்கு, 1990களிலிருந்து இருக்கிறது. 60 விநாடிக்கு ஒரு முறை பேசும், 180 விநாடி நினைவில் வைக்கும். அதன் முகவரி நான் சொன்ன அந்த 16இல் சேராது. ஆகவே வேறு நிறுவனத்துச் சுவிட்ச்கள் அதைச் சாதாரண மல்டிகாஸ்ட் (பலருக்கும் போகும் செய்தி) என்று நினைத்துத் தாண்டிப் போக விடும். இரண்டு சிஸ்கோ சுவிட்ச்களுக்கு நடுவே வேறொன்று இருந்தாலும் அவை நேரடியாக ஒட்டியிருப்பதாகவே சிடிபி பட்டியல் காட்டும். உங்களைப் போலக் கலப்பு வலையமைப்பு வைத்திருப்பவர்களின் வரைபடங்களில் பாதிப் பொய் இப்படித்தான் பிறக்கிறது. எல்எல்டிபி பட்டியலோடு ஒப்பிடுங்கள், நடுவில் இருப்பவர் தெரிந்துவிடுவார்.

ஓரத்து வாசகன்

ஒரு சிறு கேள்வி. 30 விநாடி நீளமாக இருக்கிறது. 5 விநாடியாகக் குறைத்தால் வரைபடம் உடனுக்குடன் மாறுமே?

மூன்றாம் அடுக்கு

வேண்டாம். போர்ட் எழுந்ததும் அது காத்திருக்காமல் பேசிவிடும், உள்ளே ஏதாவது மாறினாலும் உடனே சொல்லும். இணைப்பு விழுந்தால் பட்டியலிலிருந்து அப்போதே போய்விடும். நேர அளவு உதவுவது, இணைப்பு விழாமல் எதிர்ப்பக்கம் மட்டும் செத்துப்போகும்போது. அதற்கு வழக்கமான ஆயுளான 120 விநாடி போதும். வரைபடத்துக்காகச் சுவிட்சின் செயலியை வதைக்காதீர்கள்.

நீலக்கேபிள்

கண்டுபிடித்துவிட்டேன்.

இரண்டு மேசைகளுக்கு நடுவே, கம்பளத்துக்கு அடியில் போகும் கேபிள் தட்டில் ஐந்து போர்ட் பெட்டி ஒன்று. மேலே தூசி, அதற்கு மேலே ஒட்டுநாடா. நாடாவில் 'எடுக்க வேண்டாம்' என்று பேனாவால் எழுதியிருக்கிறது, யார் கையெழுத்து என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு தொலைபேசிகள், ஓர் அச்சு இயந்திரம், சுவருக்கு இரண்டு கேபிள்கள். ஐந்து போர்ட்டும் நிரம்பியிருந்தன. கேட்டதில், யாரோ மேசையை நகர்த்தியபோது தரையில் கிடந்த ஒரு கேபிளின் முனை தனியாக இருப்பதைப் பார்த்து, பாவம் என்று காலியாக இருந்த ஓட்டையில் செருகியிருக்கிறார்.

மடிக்கணினியில் சுவிட்சைத் திறந்து வைத்துக்கொண்டு 22க்குப் போகும் கேபிளை உருவினேன். 22இன் வரிகள் மூன்றும் அந்த நொடியே மறைந்தன. ஆனால் 17இல் 'இதே சுவிட்ச், போர்ட் 22' என்ற வரி போகவில்லை. ஒரு கணம் வயிறு கலங்கியது, இன்னொரு கேபிள் எங்கேனும் இருக்கிறதோ என்று. பிறகுதான் அந்த வரியின் ஆயுளைப் பார்த்தேன்: 104. 17இன் இணைப்பு விழவில்லையே, ஆகவே அது கடைசியாகக் கேட்டதை இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து அதையே மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். 71. 38. 9. அடுத்த முறை கேட்டபோது இரண்டு தொலைபேசிகள் மட்டும்.

இன்று மாலை அந்தப் பெட்டியை எடுத்துவிட்டுத் தொலைபேசிகளை நேராகச் சுவரில் கொடுத்தேன். இரண்டு போர்ட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி, ஒவ்வொன்றுக்கும் சில வாட். அடாப்டர்கள் இரண்டு என் மேசை மேல் இருக்கின்றன.

இரவுப்பணி

அச்சு இயந்திரத்தை எங்கே செருகினீர்கள்?

நீலக்கேபிள்

ஒரு தொலைபேசியின் பின்னால் இருக்கும் போர்ட்டில்.

பாக்கெட் வேடன்

அதை வரைபடத்தில் இன்றைக்கே எழுதிவிடுங்கள். அச்சு இயந்திரம் எல்எல்டிபி பேசாததாக இருந்தால் பட்டியலில் வராது. அந்தத் தொலைபேசியை யாராவது கழற்றும் நாளில்தான் அது இருந்தது தெரியவரும்.